சொல்லுக்கு ஏற்றிய சாயம்

(திருப்பூர் வட்டாரத் தொழிலாளர் படிப்பகமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், விலைவாசியைப் பற்றிப் பேச வேண்டிய வேளையில், சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணுவது முறைதான். ‘ஒன்றரை ஷிப்டு’ என்று சொல்கிறீர்களே, அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பவர் டேபிளின் முன்னால் குனிந்திருந்துவிட்டு, முதுகை நிமிர்த்துவதற்குள் இங்கே வந்து அமர்ந்திருப்பவர்களுக்கு இலக்கண வகுப்பு எதற்கு?

எதற்கென்றால், கூலி ஒப்பந்தம் சொல்லால் எழுதப்படுகிறது. வசவு சொல்லால் வீசப்படுகிறது. ஊரின் பெயர் சொல். சேரியின் பெயர் சொல். உங்களை அழைக்கும் பெயரும் சொல். ஒரு சொல்லை யார் படைத்தார்கள், யாரைக் குறித்துப் படைத்தார்கள், எப்போது அதன் பொருளை மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; நாட்டில் யார் கை மேலே இருந்தது, யார் கை கீழே இருந்தது என்பது விளங்கிவிடும். நெசவுக்காரர்களாகிய உங்களிடம் இதை எளிதாகச் சொல்லலாம். நூலைப் பிரித்துப் பார்த்தால் துணியின் தரம் தெரியும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சமுதாயத்தின் தரம் தெரியும்.

பனியனின் பிறப்பு

உங்கள் கையில் நாள்தோறும் புரளுகிற சொல்லிலிருந்தே தொடங்குவோம். பனியன்! இந்தச் சொல் எங்கே பிறந்தது?

குசராத்தி வணிகர்களை ‘வாணியா’ என்பார்கள். வடமொழியின் ‘வணிஜ்’ என்ற சொல்லும், நம்முடைய வணிகன், வாணிகம் என்ற சொற்களும் அதற்கு உறவு. கடல் கடந்து வந்த போர்ச்சுக்கீசியர் அந்த வணிகரைத் தம் நாவுக்கு ஏற்றபடி அழைத்தனர். பின்னால் வந்த ஆங்கிலேயர் ‘பனியான்’ என்றனர். பாரசீக வளைகுடாவின் கரையில் ஓர் ஆலமரத்தடியில் இந்த வணிகர்கள் கூடியிருந்ததைக் கண்டு, ஆலமரத்துக்கே ‘பனியான் மரம்’ என்று பெயர் வைத்தனர். இந்தியாவில் கண்ட தொளதொளப்பான மேலங்கி பிடித்துப்போய், ஐரோப்பியச் சீமான்கள் வீட்டில் அணிந்துகொண்டபோது அதற்கும் அதே பெயரைச் சூட்டினர். மேலங்கியின் பெயர் காலப்போக்கில் உள்ளே இறங்கி, உடம்போடு ஒட்டிய உள்ளாடையின் பெயராயிற்று.

பாருங்கள் வேடிக்கையை! வணிகனின் பெயர் மரத்துக்குப் போயிற்று. சீமானின் அங்கிக்குப் போயிற்று. பின் உழைப்பாளியின் வியர்வையை உறிஞ்சும் உள்ளாடைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் தமிழனுக்குச் சட்டைக்குச் சொல் இல்லாமல் இல்லை. ‘மெய்ப்பை’ என்ற அழகான சொல் முல்லைப்பாட்டிலே இருக்கிறது. உடம்புக்கு ஒரு பை! அந்தப் பாட்டில் அதை அணிந்து நிற்பவர்களும் வெளிநாட்டவர்தாம். பாசறை காத்த யவனர்கள்.

1920களில் கல்கத்தாவைப் பார்த்துத் திருப்பூருக்குப் பின்னல் எந்திரம் வந்தது. 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டுக் கொள்முதல்காரர்கள் வந்தனர். ‘பனியன் நகரம்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘டாலர் நகரம்’ என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பெயர் செய்கிற பொருளைச் சொல்கிறது. மறு பெயர் வருகிற பணத்தைச் சொல்கிறது. செய்கிறவனைச் சொல்லும் பெயர் எங்கே? அது இன்னும் பிறக்கவில்லை, தோழர்களே!

ஊர்ப்பெயரும் கட்டுக்கதையும்

திருப்பூருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், பெரியவர்கள் பாரதக் கதை சொல்வார்கள். விராடனுடைய ஆநிரைகளைக் கௌரவர் கவர்ந்து சென்றனராம்; அருச்சுனன் இந்த இடத்தில் மடக்கித் திருப்பினானாம்; திருப்பிய ஊர் திருப்பூர் ஆயிற்றாம். விராடனின் தலைநகரம் தாராபுரமே என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

இராசத்தானத்துக்குப் போனால், அங்கே பைராட் என்ற ஊரார் விராட நகரம் எங்கள் ஊரே என்று சொல்வார்கள். ஒரு விராடன் எத்தனை ஊரில் அரசாள முடியும்? ஆகவே, கதை வரலாறு ஆகாது.

கதை வரலாறு ஆகாதென்றால் அதைக் குப்பையில் எறிந்துவிடலாமா? கூடாது. பழந்தமிழர் ஆநிரை கவர்தலை வெட்சி என்றார்கள். கவர்ந்ததை மீட்டலைக் கரந்தை என்றார்கள். காங்கேயம் காளைகளின் நாடு இது. மாடே செல்வமாக இருந்த மண்ணில், மாட்டுக்காக உயிர்கொடுத்தவர்களின் நினைவு நெஞ்சில் நின்றது. பின்னால் பாரதக் கதை ஊர் ஊராகப் பரவியபோது, அந்தப் பழைய நினைவுக்கு அருச்சுனன் என்ற புதிய பெயர் கிடைத்திருக்கலாம். மாட்டை மீட்டவன் ஊர்க்காரன். பெயர் தட்டிச் சென்றவன் அத்தினாபுரத்துக்காரன்! உழைப்பு ஒருவனுடையது, முத்திரை இன்னொருவனுடையது என்பது உங்களுக்குப் புதியதா? நீங்கள் தைத்த சட்டையில் எவனுடைய முத்திரை தொங்குகிறது?

அவிநாசியைப் பாருங்கள். அழிவற்றது என்று பொருள்படும் வடசொல் அது. தேவாரத்தில் அந்த ஊரின் பெயர் திருப்புக்கொளியூர். தமிழ்ப் பெயர் ஏட்டில் ஒளிந்துகொள்ள, வடமொழிப் பெயர் வண்டிப் பலகையில் ஏறிக்கொண்டது. இன்னும் கிழக்கே, நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலுக்குப் போங்கள். பதிற்றுப்பத்து பாடுகிற கொடுமணம் அதுதான். அகழ்ந்து பார்த்தவர்களுக்கு மணிக்கல் பட்டறை கிடைத்தது. இரும்பு உருக்கிய தடம் கிடைத்தது. எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தது. நூல் நூற்கும் தக்களியும் கிடைத்தது. மணம், மணல் ஆனது எப்படி? ஆற்றங்கரை ஊராயிற்றே, மணலாகத்தான் இருக்கவேண்டும் என்று பிற்காலத்தார் முடிவு கட்டிவிட்டனர் போலும். பழைய சொல் விளங்காதபோது, விளங்குகிற சொல்லாக அதை மாற்றிக்கொள்வது மக்களின் இயல்பு.

திரும்பிய பக்கமெல்லாம் பாளையம். வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், ஒரத்துப்பாளையம்! பாளையம் என்றால் படை தங்கிய இடம். கூடாரங்கள் போயின, படைகள் போயின, பெயர் மட்டும் நிற்கிறது. ஒரத்துப்பாளையம் என்றவுடன் உங்கள் முகம் மாறுகிறதே, ஏன் என்று தெரியும். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை, சாயக் கழிவின் தொட்டியாயிற்று. இந்தப் பருவத்தில் சீமையில் எந்த நிறத்துக்கு மவுசு என்று அறிய வேண்டுமா, நொய்யலை எட்டிப்பார் என்று நகைச்சுவை வழங்கியது. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நகைச்சுவை எப்படிப் பிறந்தது என்று நாளை ஒருவன் ஆராய்ந்தால், அவனுக்கு ஓர் ஆறு செத்த கதை கிடைக்கும். கரைவழி உழவனின் கண்ணீர் கிடைக்கும். திடீரென்று வேலை இழந்து நின்ற பட்டறைத் தொழிலாளியின் பட்டினியும் கிடைக்கும்.

கதையால் அன்றி நிகழ்ச்சியால் பிறந்த பெயரும் இந்த ஊரில் உண்டு. 1932 சனவரி 10ஆம் நாள், இந்தத் தெருக்களில் ஊர்வலம் போன சென்னிமலை இளைஞர் ஒருவர் தடியடி பட்டு விழுந்தார். கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் துறந்தார். அகவை 27. ‘கொடிகாத்த குமரன்’ என்ற பெயருக்குப் புராணம் தேவைப்படவில்லை. நாள் இருக்கிறது, தெரு இருக்கிறது, தடியின் தழும்பு இருக்கிறது. இரண்டு வகைப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழமொழிக்கு வெளுப்பு

இனிப் பழமொழிக்கு வருவோம். பட்டறையில் துணியை என்ன செய்கிறார்கள்? முதலில் வெளுக்கிறார்கள், பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். இன்று நம் பழமொழிகளுக்கும் அதே வேலை நடக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் ‘பழமொழியின் உண்மைப் பொருள்’ என்று ஒன்று வந்து விழுகிறது.

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நம் பாட்டன் சொன்னான். பிழை, பிழை, ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதே சரி, மூலிகை வேரைத்தான் சொன்னார்கள் என்கிறார்கள் இன்றைய உரையாசிரியர்கள். சான்று எங்கே? பெர்சிவல் என்ற பாதிரியார் 1842இல் யாழ்ப்பாணத்திலும், பின்னர் விரிவாக 1874இல் சென்னையிலும் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டார். லாசரஸ் 1894இல் திரட்டினார். ஜென்சன் 1897இல் திரட்டினார். அந்தக் காலத்து மக்கள் வாயில் ‘பேர்’ தான் இருந்தது. அரைகுறை வைத்தியனிடம் பிள்ளையைப் பறிகொடுத்தவனின் கசப்பான கேலி அது. கேலியைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் வேரை நட்டுவிட்டார்கள்!

‘அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டாளாம்’ என்கிறது இன்னொன்று. மேலிடத்து வாக்குறுதியை நம்பி, கூட இருக்கும் துணையை இழக்காதே என்று எளிய மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. இன்றோ, அரசன் என்றால் அரச மரம், அதைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையைத்தான் குறிக்கிறது என்கிறார்கள். அரசன் தப்பிவிட்டான், தோழர்களே! மரத்தின் பின்னால் ஒளிந்து தப்பிவிட்டான்!

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்’ என்பதில் அடி என்றால் ஆண்டவன் திருவடியாம். ‘பெண்புத்தி பின்புத்தி’ என்றால், பின்னால் வரப்போவதை முன்னால் அறியும் புத்தியாம். எவ்வளவு இனிமையான விளக்கம்! ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த எந்தத் தாய் அதைப் பாராட்டு என்று எண்ணினாள்? இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். உங்கள் வாயை அடைப்பதற்காகத்தானே அது சொல்லப்பட்டது?

இந்த இடத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். மக்கள் வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு பழமொழி நல்ல மொழி ஆகிவிடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் பழமொழி நம்மிடம் நூற்றுக்கணக்கில் உண்டு. பெண்ணைத் தாழ்த்துவன உண்டு. அவற்றுக்கு அழகிய பொருள் கற்பித்துக் காப்பாற்றுவது, அழுகிய பழத்துக்கு மெழுகு பூசுவது போன்றது. தீய சொல்லைத் தீய சொல் என்று அறிந்து கைவிடுவோம். கூரிய சொல்லைக் கூரிய சொல் என்று அறிந்து கைக்கொள்வோம். இரண்டையும் வெளுப்புத் தொட்டியில் போடுவதற்கு இடங்கொடோம்.

பழைய சொல்லின் மெய்ப்பொருளைத் தேடினால் கிடைக்கும் சுவையே தனி. ‘பன்னாடை’ என்று திட்டுகிறோமே, அது என்ன? தென்னை, பனையின் மட்டையடியில் வலைபோல் இருக்கும் பொருள். அதை வடிகட்டியாகப் பயன்படுத்துவார்கள். நன்னூல், மாணவர்களைத் தரம் பிரிக்கும்போது கடைசித் தரத்தாரை நெய்யரிக்கு ஒப்பிடுகிறது. நெய்யரி என்பது நெய்யை வடிக்கும் அந்தப் பன்னாடைதான். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அல்லவா? ஊத்துக்குளி நெய்க்குப் பேர்போன வட்டாரத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. அதே நன்னூல், புலவன் நூல் செய்வதைப் பஞ்சை நூலாக நூற்பதற்கு ஒப்பிடுகிறது. எழுதுகிறவனுக்கும் நூற்கிறவனுக்கும் ஒரே சொல்! அதை இயற்றிய பவணந்தியாரைப் பெருந்துறை அருகிலுள்ள சீனாபுரத்தார் தம் ஊரார் என்று உரிமை கொண்டாடுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

‘சாயம் வெளுத்துப்போயிற்று’ என்கிறோமே, அது நீலச் சாயத் தொட்டியில் விழுந்து அரசனாக நடித்த நரியின் கதை. பஞ்சதந்திரத்தில் நரியைக் காட்டிக்கொடுப்பது அதன் ஊளை. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும்போது மழை வந்து சாயத்தைக் கரைத்துவிடும். நல்ல சாயம் எது, கெட்ட சாயம் எது என்று நனைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த மக்களுக்கு மழையே பொருத்தமான நீதிபதி.

பஞ்சப்படியும் சுமங்கலியும்

வேலைத்தலத்துக்கு வருவோம். அரசாங்கம் எழுதுவது அகவிலைப்படி. அகவிலை என்றால் தானியத்தின் விலை, நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் தொழிலாளி சொல்வது பஞ்சப்படி. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பண்டம் விலையேறிய காலத்தில், கூலிக்கு மேல் தனியாக அளந்த தொகை அது. படி என்பது நெல் அளக்கும் படி. கூலியைப் படியால் அளந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. ஒரே தொகைதான்; அலுவலகச் சொல் விலையைப் பற்றிப் பேசுகிறது, தொழிலாளியின் சொல் வயிற்றைப் பற்றிப் பேசுகிறது. 1984இல் இந்த ஊரின் பனியன் தொழிலாளர்கள் நான்கு மாதம் எந்திரங்களை நிறுத்தி நின்றது அந்தப் பஞ்சப்படிக்காகத்தான். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரி பொருள் எழுதியிருக்கும். அடுப்பு எரியாத நான்கு மாதம் அதற்குள் அடங்காது.

இன்னொரு சொல், சுமங்கலி. மங்கலமான சொல்! நூற்பாலைகளில் சிற்றூர்ப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு விடுதியில் அடைத்து, வெளியே விடாமல் வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், திருமணத்துக்கு ஆகும் என்று சொன்ன ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் ‘சுமங்கலித் திட்டம்’. இடையில் நோயுற்று வெளியேறியவளுக்கு அந்தத் தொகையும் கிட்டாது. கொத்தடிமை என்ற சொல்லைப் பலகையில் எழுதினால் எந்தத் தகப்பன் மகளை அனுப்புவான்? தாலியைக் காட்டி அழைத்தார்கள். வரதட்சணைக் கொடுமையே அதற்கு ஆள்பிடிக்கும் தரகன் ஆயிற்று. இதுதான், தோழர்களே, சொல்லுக்குச் சாயம் ஏற்றும் கலை!

காலனியும் வடக்கனும்

‘காலனி’ என்ற சொல்லின் பிறப்பிடம் உரோமாபுரி. நிலத்தை உழுபவனுக்கு இலத்தீன் மொழியில் ‘கொலோனஸ்’ என்று பெயர். உழவர் குடியிருப்பு ‘கொலோனியா’. செர்மனியில் கொலோன் என்ற மாநகரம் அந்தச் சொல்லைப் பெயராகச் சுமந்து பெருமையோடு நிற்கிறது. அந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்து என்ன ஆயிற்று? ஊர் வேறு, காலனி வேறு என்றாயிற்று. எந்தத் தெருவில் பிறந்தாய் என்று கேட்டுச் சாதியை அளக்கும் கருவியாயிற்று, வசவாயிற்று. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில், அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். பெயர்ப்பலகை மாறிய பிறகு குடிநீர்க் குழாயும், சுடுகாட்டுப் பாதையும், தேநீர்க் கடையும் மாறினவா என்று கேட்டுக்கொண்டும் இருப்போம்.

கொங்கு நாட்டின் ‘ங்க’வைப் பற்றி நாடெங்கும் நகைச்சுவை உண்டு. ‘வாங்க, போங்க, இருங்க’ என்று ஆட்டுக்குட்டிக்குக்கூட மரியாதை தருவார்கள் என்று கேலி செய்வார்கள். வாருங்கள் என்பதன் சுருக்கம்தான் அது. அழகான வழக்கு, மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை பண்ணையில் உழைத்தவனுக்கு, அவன் அறுபது வயதுக் கிழவனானாலும், அந்த ‘ங்க’ கிடைத்ததா? மரியாதை மொழியில் இருந்தது. அளந்து கொடுக்கும் கை சாதியிடம் இருந்தது. பனியன் கம்பெனியில் இன்று அண்ணா என்றும் அக்கா என்றும் ஒருவரையொருவர் அழைக்கிறீர்களே, அது சிறிய மாற்றமன்று.

அந்த அண்ணனும் அக்காவும் யார்வரைக்கும் நீளுகிறது? நேற்று மதுரைப் பக்கமிருந்து வந்தவன் ‘தெக்கத்தியான்’ ஆனான். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தவன் ‘வடக்கன்’ ஆனான். திசையின் பெயர் வசவின் பெயராகிறது. 2023 மார்ச்சு மாதத்தில், வெளிமாநிலத்தாரைத் தமிழர் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அஞ்சிய தொழிலாளர்கள் மூட்டையோடு தொடர்வண்டி நிலையத்தில் நின்றார்கள். ஒரு பக்கம் பொய். மறுபக்கம் நம் வாயில் இழிசொல். இரண்டுக்கும் நடுவே நின்றவன் தையல் எந்திரத்தில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரன்.

அடுத்தவனுக்குப் பெயர் வைக்குமுன் தமிழன் தன் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் உறவினரை அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள். திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர்களாம்! மலையைத் தோட்டமாக்கியவர்களின் குடியுரிமையை 1948இல் சட்டம் பறித்தது. சட்டம் கையெழுத்தால் செய்த வேலையை, அந்த ஒரு சொல் தெருவில் நாவால் செய்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு நெஞ்சு எரிகிறதா இல்லையா? அப்படியானால், ‘வடக்கன்’ என்ற சொல்லைக் கேட்கும் ஒடியா இளைஞனின் நெஞ்சும் எரியும் என்று அறிவோம்.

செய்ய வேண்டியது

கேட்டோம், கைதட்டினோம், கலைந்தோம் என்று போய்விடக் கூடாது. படிப்பகந்தோறும் ஒரு குறிப்பேடு வையுங்கள். உங்கள் தெருவின் பெயர், குட்டையின் பெயர், பட்டறையில் வழங்கும் சொல், கேலி, பழமொழி ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: யார் சொன்னது? யாரைப் பற்றிச் சொன்னது? எப்போதிருந்து சொல்கிறார்கள்? ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். காதர் என்பது ஆளின் பெயர், கதர் என்பது துணியின் பெயர். ஒரு நெடில் குறிலானால் ஆள் துணியாகிவிடுவான்! பழைய பத்திரத்தைப் பாருங்கள், கல்வெட்டைப் பாருங்கள், அச்சேறிய பழைய திரட்டைப் பாருங்கள். வடமாநிலத் தோழர்களையும் அழைத்து அமர்த்தி, அவர்கள் ஊரில் பனியனுக்கு என்ன பழமொழி என்று கேளுங்கள். இந்தி பேசுவோரும் ‘பனியான்’ என்று சொல்வார்கள். ஒரே சொல்லை அணிந்திருக்கிறீர்கள் என்பது அப்போது இருவருக்கும் விளங்கும்.

துணியை நனைத்துப் பார்க்காமல் வாங்காத ஊர் இது. சொல்லையும் நனைத்துப் பார்த்து வாங்குங்கள். நின்ற சாயத்தை ஏற்போம். வெளுத்த சாயத்தை விலக்குவோம்.